முப்பது எழுத்துகள்: ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோயின் பாடபேத வரலாறு

மொழி மன்றமொன்றின் உரைத்தொடரில் புற்றுநோயைப் பற்றி, அதுவும் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு புற்றுநோயைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நாம் இங்கே கூறவிருப்பது பெரும்பாலும் ஒரு பாடபேத வரலாறே ஆகும். ஒரே ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு நூலைப் பதிப்பித்தால் என்ன நேரும் என்பதையும், அப்பதிப்போடு ஒவ்வாத ஏடுகளையெல்லாம் பழுதுபட்டவை என்று ஒதுக்கினால் என்ன நேரும் என்பதையும் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். அதே சிக்கல் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ ஆய்விலும் தோன்றியது. அங்கே ஏடாக இருந்தது ஒரு நச்சுயிரியின் மரபணுத்தொகுதி. படிப்பில் நேர்ந்த பிழை நோயாளியின் சிகிச்சையைத் தொடக்கூடியதாக இருந்தது.

1897ஆம் ஆண்டு எடின்பரோ நகர மருத்துவர் பீட்டர் மெக்பிரைட், மூக்கும் முகத்தின் நடுப்பகுதியும் விரைந்து அழிந்துபோன ஒரு நோயாளியின் நிழற்படங்களை மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். நோய் மூக்கடைப்பாகத் தொடங்கும், சளியும் குருதியும் வடியும், பின்னர் மூக்கின் நடுச்சுவர் புண்ணாகித் துளைபடும், அண்ணம் அழியும். 1933இல் ஸ்டுவர்ட் என்பவர் இத்தகைய நோயாளிகள் பலரைத் தொகுத்து எழுதினார். அதன்பின் இந்நோய் ‘உயிர்கொல்லும் நடுக்கோட்டுக் குருணைக்கட்டி’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்கலாயிற்று.

அப்பெயரைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். ‘உயிர்கொல்லும்’ என்பது முடிவைச் சொல்கிறது. ‘நடுக்கோடு’ என்பது இடத்தைச் சொல்கிறது. நோய் யாது என்று சொல்லவேண்டிய மூன்றாவது சொல்லாகிய ‘குருணைக்கட்டி’தான் தவறானது. குருணைக்கட்டி என்பது உடலின் அழற்சியால் உண்டாவது, புற்றுநோய் அன்று. நோயியலாளர்களை இதற்காகக் குறைகூறுவதும் முறையன்று. இப்புற்றுநோயின் உயிரணுக்கள் குருதிக்குழாய்களைச் சூழ்ந்து வளர்ந்து அவற்றைச் சிதைக்கின்றன. குருதி பெறாத திசு மடிகிறது. மடிந்த திசுவைச் சுற்றி அழற்சி உயிரணுக்கள் திரள்கின்றன. மருத்துவர் எடுத்த சிறு திசுத்துண்டில் மடிந்த திசுவும் அழற்சியும் மிகுந்திருக்க, புற்றணுக்கள் அவற்றிடையே சிலவாக மறைந்து கிடந்தன. முற்றிலும் வேறான குருதிக்குழாய் அழற்சி நோயொன்றும் இதே பெயரின் நிழலில் நெடுங்காலம் ஒதுங்கியிருந்தது. பெயர் அழற்சி என்றமையால் அழற்சிக்குரிய மருந்துகளைப் பெற்று, காலம் கடந்த நோயாளிகள் இருந்தனர். பெயரிடுவது வெறும் வசதிக்காக என்போருக்கு இந்நோயைக் காட்டலாம்.

இந்நோய் ஐரோப்பாவில் மிக அரிது. சீனா, ஜப்பான், கொரியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளிலும், மெக்சிகோ, பெரு முதலிய நாடுகளிலும் ஒப்பளவில் மிகுதி. எனவே சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளுக்கு இது புதிதன்று. ஆனால் இதன் காரணத்தைக் கண்டறிவதற்கான முதல் அடி ஆப்பிரிக்காவில், வேறொரு நோயை முன்னிட்டு எடுத்துவைக்கப்பட்டது.

அயர்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலுள்ள முலாகோ மருத்துவமனையில் பணியாற்றிவந்தார். 1957இல் தாடையின் இருபுறமும் வீங்கிய ஒரு சிறுவனைக் கண்டார். பின்னர் வேறோர் ஊரில் அதே தோற்றமுடைய மற்றொரு குழந்தையைக் கண்டார். 1958இல் அந்நோயைப் பற்றி எழுதினார். 1961 மார்ச் 22ஆம் நாள் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அவர் நிகழ்த்திய உரையைக் கேட்டவர்களுள் அந்தோனி எப்ஸ்டீனும் ஒருவர். இந்நோய் தட்பவெப்பத்தைப் பொறுத்துப் பரவியிருப்பதைக் கேட்டதும், இதன் பின்னணியில் ஒரு நச்சுயிரி இருக்கலாம் என்று அவர் எண்ணினார். அதுமுதல் கட்டித் துண்டுகள் கம்பாலாவிலிருந்து வானூர்தியில் இலண்டனுக்கு வரத் தொடங்கின.

இரண்டாண்டுக் காலம் மின்னணு நுண்ணோக்கியில் ஒன்றும் புலப்படவில்லை. 1963 டிசம்பர் 5ஆம் நாள் மூடுபனியின் காரணமாக வானூர்தி மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. மாதிரி தாமதமாக வந்து சேர்ந்தபோது புட்டியிலிருந்த நீர்மம் கலங்கியிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவதே வழக்கம். எப்ஸ்டீன் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். கட்டியிலிருந்து உதிர்ந்த உயிரணுக்கள் உயிரோடு தனித்தனியே மிதந்துகொண்டிருந்தன. பயண அதிர்வே அவற்றைப் பிரித்துவிட்டது. அவற்றை இவோன் பார் துணையோடு வளர்த்தெடுத்து, 1964 பிப்ரவரி 24 அன்று நுண்ணோக்கியில் நோக்கியபோது முதற்காட்சியிலேயே நச்சுயிரி தென்பட்டது. காட்சி கலைந்துவிடுமோ என்று அஞ்சிக் கருவியை நிறுத்திவிட்டு, மேற்சட்டைகூட இல்லாமல் பனியில் தெருவைச் சுற்றிவந்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். டிரினிடாட் நாட்டவரான பெர்ட் அச்சோங்கும் சேர்ந்து மூவரும் எழுதிய கட்டுரை அவ்வாண்டு மார்ச் மாதம் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. நச்சுயிரியின் பெயரில் எப்ஸ்டீனும் பாரும் இடம்பெற்றனர், அச்சோங் இடம்பெறவில்லை.

எப்ஸ்டீன்-பார் நச்சுயிரி உலகில் வயதுவந்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோரிடம் வாழ்நாள் முழுதும் உறைந்திருக்கிறது என்பது பின்னரே தெரியவந்தது. உமிழ்நீர்வழிப் பரவும் இது, ஆசியாவில் பெரும்பாலோரிடம் குழந்தைப் பருவத்திலேயே சேர்ந்துவிடுகிறது. இளமையில் தொற்றினால் சுரப்பிக்காய்ச்சல் வரலாம். ஏறத்தாழ அனைவரிடமும் உள்ள ஒன்று, மிகச் சிலருக்கு மட்டும் புற்றுநோயை உண்டாக்குவது எவ்வாறு? இந்த வினாதான் ஆய்வாளர்களை நச்சுயிரியின் வேறுபாடுகளை நோக்கித் திருப்பியது.

1990இல் ஜப்பானைச் சேர்ந்த ஹராபுச்சியும் உடனாய்வாளர்களும், பழைய ‘நடுக்கோட்டுக் குருணைக்கட்டி’ நோயாளிகளின் மூக்குக் கட்டிகளில் எப்ஸ்டீன்-பார் நச்சுயிரி இருப்பதைக் காட்டினர். அது வழிப்போக்கனாக வந்து தங்கியதா, தொடக்கத்திலிருந்தே இருந்ததா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. இந்நச்சுயிரியின் டிஎன்ஏ இழை, உயிரணுவினுள் இருமுனையும் இணைந்து வளையமாகிறது. முனைகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு தொற்றிலும் வேறுபடும். கட்டி முழுவதிலும் ஒரே எண்ணிக்கை காணப்பட்டால், எல்லா உயிரணுக்களும் நச்சுயிரியைத் தாங்கிய ஒரே உயிரணுவின் வழிவந்தவை என்று பொருள். மூக்குக் கட்டிகளில் காணப்பட்டது அதுவே. நச்சுயிரி கட்டிக்கு முன்பே அங்கிருந்தது. நோய்க்கும் புதுப்பெயர் தேவைப்பட்டது. இயற்கைக் கொல்லி அணுக்கள் என்னும் என்கே அணுக்களிலும் டி அணுக்களிலும் தோன்றுவதால் இன்று இது என்கே/டி அணு நிணநீர்ப் புற்றுநோய் எனப்படுகிறது.

இனி, பதிப்பின் கதைக்கு வருவோம். 1984இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்நச்சுயிரியின் மரபணுத்தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டனர். ஏறத்தாழ 1,72,000 எழுத்துகள். அந்நாளில் அத்துணை நீண்ட டிஎன்ஏ தொடர் வேறெதுவும் படிக்கப்பட்டதில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட மூலம் பி95-8 எனப்படுவது. அமெரிக்காவில் சுரப்பிக்காய்ச்சல் கண்ட ஒருவரிடமிருந்து பெற்று, மார்மோசெட் குரங்கின் வெள்ளணுக்களில் வளர்க்கப்பட்ட நச்சுயிரி அது. ஆய்வுக்கூடத்தில் எளிதாகப் பெருகியமையால் அதைத் தேர்ந்தனர். அதனை ஓர் ஏடு என்று கொண்டால், அவ்வேட்டில் சில ஓலைகளும் காணாமற்போயிருந்தன. ஏறத்தாழ 12,000 எழுத்துகள் அதில் இல்லை. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதனையே மூலபாடமாகக் கொண்டு தம்மிடமிருந்த நச்சுயிரிகளை ஒப்பிட்டனர்.

காணாமற்போன ஓலைகளால் இழப்பு நேராமலில்லை. 2004இல் இந்நச்சுயிரி மைக்ரோ ஆர்என்ஏ என்னும் சிறு கட்டுப்பாட்டு மூலக்கூறுகளை ஆக்குகிறது என்று முதன்முதலில் கண்டறியப்பட்டது. பி95-8ஐ வைத்துத் தேடியதால் ஐந்தே கிடைத்தன. வேறு வகைகளில் தேடியபோது இருபதுக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்என்ஏ மரபணுக்கள் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அந்த விடுபட்ட பகுதியிலேயே இருந்தன.

எனினும் நம் கதைக்கு மிக இன்றியமையாதது எல்எம்பி1 என்னும் மரபணு. அது ஆக்கும் புரதம் 386 அமினோ அமிலங்களைக் கொண்டது. உயிரணுவின் மேலுறையில் அமர்ந்து, ‘வளர், பெருகு’ என்னும் கட்டளையை ஓயாமல் உள்ளே அனுப்புவது. எலி இன உயிரணுக்களில் இம்மரபணுவைச் செலுத்தினால் அவை புற்றுத்தன்மை அடைவதை 1985இல் காட்டினர். 1991, 1992ஆம் ஆண்டுகளில், சீன, தைவான் நோயாளிகளின் மூக்குத்தொண்டைப் புற்றுநோயிலிருந்து எடுத்த எல்எம்பி1 மரபணுவைப் படித்தவர்கள், பி95-8இல் உள்ள 30 எழுத்துகள் அதில் இல்லாமையைக் கண்டனர். அதனால் புரதத்தில் பத்து அமினோ அமிலங்கள் குறைந்தன. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நம் இலக்கணம் வகுக்கும் மூன்று விகாரங்களும் மரபணுவிலும் உண்டு, இது கெடுதல். (முதலெழுத்துகள் முப்பது என்று படித்த நமக்கு இவ்வெண் ஒரு புன்னகையைத் தரலாம், அதற்குமேல் அதில் பொருளில்லை.)

சீன மூலத்திலிருந்து வந்த எல்எம்பி1, பி95-8இன் எல்எம்பி1ஐ விட ஆய்வுக்கூடத்தில் எளிதாகக் கட்டிகளை உண்டாக்கியது. எனவே இந்த முப்பது எழுத்துக் கெடுதலே நச்சுயிரியைக் கொடியதாக்குகிறது என்னும் கருத்து விரைந்து பரவியது. மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் தேடினர், இருந்தது. ஹாட்ஜ்கின் நோயில் தேடினர், சிலரிடம் இருந்தது. கிழக்காசிய என்கே/டி அணு நோயாளிகளிடம் தேடினர், பெரும்பாலோரிடம் இருந்தது. கெடுதலுள்ள நச்சுயிரி, கொடிய நோய், குறைந்த வாழ்நாள் என்று ஒரு கோடு போட்டாற்போல் அமைந்துவிட்டது.

கேட்கப்படாமலிருந்த வினா ஒன்றுண்டு. நோயில்லாத அண்டை வீட்டாரிடம் என்ன வகை இருக்கிறது? பர்மிங்ஹாம் நகர ஆய்வாளர்கள் பல நாடுகளின் கட்டிகளையும், அதே நாடுகளில் நலமாக வாழ்வோரின் நச்சுயிரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்து 1996இல் விடை கூறினர். தென்சீனாவில் நலமாக இருப்போரிடமும் இந்தக் கெடுதல் பரவலாகக் காணப்பட்டது. அது நோயின் அடையாளம் அன்று, நிலத்தின் அடையாளம். 1998இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மனித நிணநீர் அணுக்களில் இருவகை எல்எம்பி1 புரதங்களுக்கிடையே காணப்படும் செயல் வேறுபாட்டிற்கு முப்பது எழுத்துக் கெடுதல் முதன்மைக் காரணமன்று என்று காட்டியது. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எல்எம்பி1 வகைகளுக்குச் சீனா 1, சீனா 2, அலாஸ்கா, மத்தியதரைக்கடல், வட கரோலினா என இடப்பெயர்களையே சூட்டினர். தமிழ்நாட்டு ஏட்டில் ஒரு சொல்லும் யாழ்ப்பாணத்து ஏட்டில் வேறு சொல்லும் இருந்தால், அவ்வேறுபாடு முதலில் ஏடு எழுதிய இடத்தைத்தான் காட்டுகிறது. எழுதியவரின் அறியாமையை அன்று.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். பிழை ஆய்வுக்கூடத்தில் இல்லை. எழுத்துகளைச் சரியாகவே படித்தனர். ஓர் அமெரிக்கரின் நச்சுயிரி இயல்பானது என்றும், அதனின்று வேறுபட்டது திரிந்தது என்றும் முன்னரே கொண்டதே பிழை. தொடக்கத்தில் தென்சீனாவில் நலமாயிருந்த ஒருவரின் நச்சுயிரியைப் படித்து அச்சிட்டிருந்தால், பி95-8இல் முப்பது எழுத்துகள் ‘மிகுந்திருக்கின்றன’ என்றல்லவா எழுதியிருப்பர்! பல இனத்தார் கூடிவாழும் நம் நாடுகளில் இதன் விளைவு எளிதானதன்று. ஒரு சமூகத்தாரிடம் இயல்பாகவே உள்ள நச்சுயிரி வகையைக் ‘கொடிய வகை’ என்று சோதனைத்தாளில் எழுதினால், அதைப் படிக்கும் நோயாளிக்கு அச்சமும், அவருடைய மருத்துவருக்குத் தவறான வழிகாட்டலுமே மிஞ்சும்.

இதற்கிடையில் நோயாளிகளுக்கு உதவியது வேறொரு வழி. மற்ற நிணநீர்ப் புற்றுநோய்களுக்குப் பயன்பட்ட ‘சாப்’ என்னும் நால்மருந்துக் கூட்டு இந்நோயில் பெரிதும் தோற்றது. உட்புகும் மருந்தை வெளியேற்றும் பி-கிளைக்கோபுரதம் என்னும் இறைப்பான் இப்புற்றணுக்களில் மிகுந்திருப்பது 1990களில் கண்டறியப்பட்டது. அந்த இறைப்பானுக்கு அகப்படாத மருந்து தேவைப்பட்டது. 1953இல் ஜான் கிட் என்பவர் கினிப்பன்றியின் குருதிநீர் எலிகளின் நிணநீர்க் கட்டிகளை அழிப்பதைக் கண்டிருந்தார். அதன் செயற்பொருள் அஸ்பராஜினேஸ் என்னும் நொதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தைத் தாமே போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாத உயிரணுக்களை அது பட்டினியிட்டுக் கொல்கிறது. அதனை நடுவில் வைத்து ஐந்து மருந்துகளைச் சேர்த்த ‘ஸ்மைல்’ முறை கிழக்காசிய மருத்துவர்களின் ஆக்கம். 2011இல் வெளியான ஆய்வில், நோய் முற்றிய அல்லது மீண்டும் வந்த 38 பேருள் 79 விழுக்காட்டினரிடம் கட்டி சுருங்கியது. 2012இல் சிங்கப்பூரும் பங்குகொண்ட ஆசிய ஆய்வுக் குழு 87 பேரின் முடிவுகளை வெளியிட்டது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 50 விழுக்காடு. முன்னிருந்த நிலையை எண்ணுகையில் இது பெரிய மாற்றம். பாதிப்பேர் இழக்கப்பட்டனர் என்பதும் அதே எண்தான்.

ஏன் ஒருவர் பிழைக்கிறார், மற்றவர் பிழைப்பதில்லை? நச்சுயிரியின் பாடம் இதில் பங்கு வகிக்கிறதா? 1996இன் படிப்பினைக்குப் பிறகு இவ்வினாவை இருவகையாகப் பிரிக்கவேண்டியதாயிற்று. ஒன்று, ஒருவர் குழந்தையாயிருந்தபோதே தம் ஊரிலிருந்து பெற்ற வேறுபாடு. மற்றொன்று, அவர் உடலுக்குள், கட்டி உருவாகும் வழியில் புதிதாக நேர்ந்த வேறுபாடு. முதலாவதை நாடும் ஆய்வு அதே ஊரின் நலமான மக்களோடு ஒப்பிட்டாலன்றிப் பொருள்தராது. 2019இல் தென்சீன மூக்குத்தொண்டைப் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள் அவ்வாறே செய்தனர்; சிங்கப்பூர் ஆய்வாளர்களும் அதில் இடம்பெற்றனர். அங்கே எல்எம்பி1 அன்று, பிஏஎல்எஃப்2 என்னும் வேறொரு மரபணுவின் வேறுபாடுகளே நோயோடு உறுதியாகப் பிணைந்திருந்தன. முன்னிருந்த எதிர்பார்ப்பு சரியானதே. பார்த்த இடம் மட்டும் வேறு.

இரண்டாவது வகைக்கு அதே 2019இல் ஜப்பானியர் வழிகாட்டினர். நாட்பட்ட எப்ஸ்டீன்-பார் தொற்றுடைய 77 பேருள் 27 பேரிடமும், என்கே/டி அணுப் புற்றுநோய் உள்ளிட்ட பிற கட்டிநோய்களுடைய 61 பேருள் 28 பேரிடமும் நச்சுயிரியின் மரபணுத்தொகுதியில் பெரும் பகுதிகள் கெட்டிருந்தன. சுரப்பிக்காய்ச்சல் கண்டவர்களும் உறுப்பு மாற்றத்திற்குப் பின் நிணநீரணுப் பெருக்கம் கண்டவர்களுமாகிய 47 பேருள் ஒருவரிடமும் அத்தகைய கெடுதல் இல்லை. இங்கே கெடுதல் ஊரைக் காட்டவில்லை, நோயைக் காட்டுகிறது. புதிய நச்சுயிரிகளை ஆக்குவதற்கு வேண்டிய மரபணுக்களை இழந்த நச்சுயிரி, உயிரணுவைப் பிளந்து வெளியேற இயலாமல் அதனுள்ளேயே தங்கி, அதன் பெருக்கத்தைத் தூண்டுகிறது என்பது ஆய்வாளர் கருத்து.

2017இல் மற்றொரு கதவு திறந்தது. எல்எம்பி1 புரதம், புற்றணுவின் மேற்பரப்பில் பிடி-எல்1 என்னும் புரதத்தைப் பெருக்கவல்லது. நோயெதிர்ப்பு அணுக்களை ‘இங்கே வராதே’ என்று நிறுத்தும் புரதம் அது. அந்தத் தடையை நீக்கும் பெம்புரோலிசுமாப் மருந்து, அஸ்பராஜினேஸும் பயன்தராத ஏழு நோயாளிகளுக்கு அளிக்கப்பட்டது. எழுவரிடமும் நோய் பின்வாங்கியது. ஐவரிடம் முற்றாக மறைந்தது. அந்த ஆய்வில் ஹாங்காங்கோடு சிங்கப்பூர் மருத்துவர்களும் இருந்தனர். பின்னர் வந்த நோயாளிகள் எல்லாரும் அவ்வாறு பயன்பெறவில்லை. யார் பயன்பெறுவர் என்று தேடிய சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2020இல், நோயாளியின் சொந்த பிடி-எல்1 மரபணுவின் இறுதிப்பகுதியில் நேர்ந்த முறிவையும் மறுசேர்க்கையையும் ஓர் அடையாளமாகக் கண்டனர். அது கட்டியின் மனித மரபணு, நச்சுயிரியினுடையது அன்று.

ஆகவே இன்றைய மருத்துவர் நோயாளியின் குருதிநீரில் எப்ஸ்டீன்-பார் டிஎன்ஏ எவ்வளவு என்று அளந்து, சிகிச்சையின் போக்கை அதைக்கொண்டு கணிக்கிறார். சிகிச்சைக்குப் பின் அது அடியோடு மறைந்தால் நல்ல அறிகுறி. மறையாவிட்டால் கவலைக்கு இடமுண்டு. அந்த டிஎன்ஏயின் பாடம் என்ன என்று படித்து மருந்தைத் தேர்வது இன்னும் நாள்தோறும் நடக்கும் வழக்கமாகவில்லை. நோய் அரிதாக இருப்பதே தடை. ஒரு மருத்துவமனை திரட்டும் நோயாளிகள் சிலரே, அவர்களோடு ஒப்பிட நலமான உள்ளூர் மக்களின் நச்சுயிரிகளும் போதிய அளவில் படிக்கப்படவேண்டும். குவாங்டொங் நோயாளியிடமிருந்து பெற்ற நச்சுயிரி 2005இலும், கானா நாட்டு மூலமொன்று 2006இலும் முழுமையாக வெளிவந்தன. 2015இல் ஒரே ஆய்வில் 71 புதிய பாடங்கள் சேர்ந்தன. மூலபாடமும் விடுபட்ட ஓலைகள் நிரப்பப்பட்டு 2003இலேயே செப்பனிடப்பட்டது.

நோயின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. 2001இல் உலக நலவாழ்வு அமைப்பின் வகைப்பாட்டில் ‘மூக்குவகை’ என்னும் அடைமொழியோடு நிலைபெற்றது. தோல், குடல், விரை முதலிய இடங்களிலும் தோன்றுவதால், 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அடைமொழியையும் நீக்கிவிட்டனர்.